உளுந்து முளைத்த மைதானம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பேர். ஐந்து பேர் நான் பெற்றவர்கள். ஆறாவது என் கடைசி மகனின் மகள், தாயில்லாப் பிள்ளை. கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கேப்டன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரமில்லை.

லீக் ஆட்டமெல்லாம் புதுச்சேரியில்தான். விடியுமுன் பஸ் ஏறிப் போய், தூக்கக் கலக்கத்தில் ஆடித் தோற்று வருவார்கள். காரைக்காலுக்கும் ஒரு தடவை வாருங்கள் என்று கேட்டதற்கு, "அவ்வளவு தூரம் யாரு வருவா?" என்றார்களாம். எங்கள் பெண்கள் லீக்கே வேண்டாமென்று வெளியே வந்துவிட்டார்கள். அந்த வருடம் முழுக்கக் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் தாங்களே போய் ஆடினார்கள். கப்பலில் நிலக்கரி வந்து இறங்கும் வாஞ்சூரில் ஆடிவிட்டு அந்தத் தூசியோடு வந்து நின்றபோது, என் பேத்தியை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கல்லூரி மைதானத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. "சொந்த ஊர்ல ஒரு ஆட்டமாவது நடத்திக் காட்டுங்க. இல்லன்னா டீமைக் கலைச்சிடுறேன்" என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

"நம்ம வயல்ல ஆடுங்கடி" என்றேன். என் அப்பா எனக்கென்று கொடுத்த வயல் அது. சம்பா அறுத்ததும் தருகிறேன், இந்த வருடம் உளுந்து கிடையாது என்று பெரிய மகனிடமும் சொன்னேன். அவன் விதை உளுந்து மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் நெல் நிற்கும்போதே அடி ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அவன் தெளித்துவிட்டான். அறுவடை மெஷின் போனபின் பார்த்தால், நெல் தாளுக்கு நடுவே உளுந்து பச்சைப்பசேலென்று முளைத்திருக்கிறது.

"முளைச்ச பயிர்ல எந்தப் பொண்ணு கால வைக்கிறான்னு பாக்குறேம்மா" என்று சிரித்தான்.

ஆட்டத்தன்று எங்களை எதிர்த்து ஆட, காரைக்கால்மேட்டு மீனவப் பெண்கள் லோடு ஆட்டோவில் வந்தார்கள். சவுக்குக் கம்பு நட்டு, பழைய மீன்வலையைக் கட்டிக் கோல் போட்டது அவர்கள்தான். எங்கள் பெண்களோ வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். எல்லாம் விவசாய வீட்டுப் பிள்ளைகள்.

"என்னடி, வரப்புலயே ஆடப் போறீங்களா?" என்று மேட்டுப் பெண் ஒருத்தி கத்தினாள். "நாங்க கடல்ல எறங்க இப்படி யோசிச்சா ஊரு மீனு திங்குமா?"

"பயிர மிதிச்சா பாவம் அப்பாயி" என்றாள் பேத்தி. கண் கலங்கியிருந்தது.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடுவயல் வரைக்கும் மிதித்தே போனேன்.

"என் வயலு, என் உளுந்து. பாவம்னா அதுவும் எனக்குத்தான். எறங்குங்கடி!"

இறங்கினாள் பேத்தி. அவள் பின்னால் எல்லோரும். இரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். அதனால் என்ன? பிரின்சிபால் கடைசிவரை வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "சரிங்கம்மா, டீம் இருக்கட்டும்" என்றார்.

"நீங்க சொல்லாட்டியும் இருக்கும் சார்" என்றேன்.

அதற்கப்புறம் வீட்டில் இட்லிக்குக் கடை உளுந்துதான். பெரியவன் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பான். ஆனால் ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டான். இப்போது மறுபடி சம்பாக் கதிர் முற்றி நிற்கிறது. பேத்தி அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு ஊரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

இந்தாடி, எழுதியதை வாங்கிப் படி. நல்லா உரக்கப் படி. உன் பெரியப்பா கொல்லையில்தான் இருக்கிறான்.