லோடு வரலையாம்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: கல்லாவில் நான். சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டும் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்த என் மனைவி. பொன்னி மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த என் மகள். பக்கத்துக் கடை பாய். செல்போன் உறையும் சார்ஜரும் விற்கிறவர், தன் கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் என் கடையில் இருப்பார். அப்புறம், மகளின் லேப்டாப்மேல் சுருண்டு படுத்திருந்த பூனை. வேறு யாரும் இல்லை. குடவாசலில் இப்போது பாதிப் பேர் இதை நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். அதனால் முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

பூனை அங்கே படுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த லேப்டாப்பைப் போட்ட கொஞ்ச நேரத்தில் தோசைக்கல் மாதிரி சுடும். மகள் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தபோது யாரோ பயன்படுத்தியதை வாங்கிக் கொடுத்தது. கீல் உடைந்துவிட்டதால் திரை தானாக நிற்காது. கடையிலிருந்த அரைப்படியை எடுத்து முதுகுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். உள்ளே ஓடும் ஃபேன் நெல் தூற்றும் மெஷின் போலச் சத்தம் போடும். வீட்டுப் பிளான் வரைகிற சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டு, போய்க் குளித்து, தலை துவட்டி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

தஞ்சாவூரில் வீடு கட்டிக் கொடுக்கும் இன்ஜினியர் ஒருவர் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தபடியே பிளான் வரைந்து அனுப்ப வேண்டும். மாதச் சம்பளம். ஒரே நிபந்தனை, நல்ல மெஷின் வேண்டும். "திங்கக்கிழமைலேருந்து ஆரம்பிக்கணும்மா. உங்ககிட்ட மெஷின் ரெடியா இல்லன்னா சொல்லிடுங்க, வேற ஆள் வச்சிருக்கேன்" என்று அவர் முன்னாடியே சொல்லிவிட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அப்படியானால் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வாங்குவதாகத்தான் இருந்தேன். தை மாதத்திலிருந்து வாங்குவதாகத்தான் இருந்தேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். எந்தச் சாமானை வாங்கப் போனாலும், அதைப் பற்றிய முக்கியமான விஷயம் ஒன்றைப் பத்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றும் அது எனக்கு மட்டும் தெரியாது என்றும் ஒரு பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். தையில் மகள் கேட்டபோது பொங்கல் ஆஃபர் முடிந்திருந்தது. சரி, அடுத்த ஆஃபர் வரட்டும் என்றேன். அதற்குள் போனில் வீடியோ போடுகிற பையன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "இப்ப மட்டும் லேப்டாப் வாங்கிடாதீங்க மக்களே, புது சிப் வருது" என்று ஒருவன் கண்ணை உருட்டுவான். அந்தச் சிப் வந்ததும் அவனே, "அவசரப்படாதீங்க, இதைவிடப் பெரிசா ஒண்ணு வருது" என்பான். எனக்கு அந்தப் பையன்மேல் அபார நம்பிக்கை வந்துவிட்டது. என்னைப் போலவே அவனும் எதையும் வாங்கியதாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் காத்திருப்பதை யாரும் கேலி செய்வதில்லை. மேட்டூரில் எவ்வளவு தண்ணீர், எப்போது திறப்பார்கள், கடைமடைக்கு எப்போது வரும் என்று ஊரே காலையில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கும். அரிசி வியாபாரமும் அதே மாதிரிதான். எப்போது வாங்குவது, எத்தனை மாதம் வைத்திருப்பது என்று கணித்தே வயிறு வளர்த்தவன் நான். ஆனால் லேப்டாப்பில் அந்தக் கணிப்பு முதல் நாளே இடறியது. போன வருஷத்து மாடலுக்கு விலை குறைவு என்று பாய் சொன்னபோது நான் நம்பவில்லை.

"அது எப்படி பாய்? பழசுக்குத்தானே விலை கூட இருக்கணும்? புதுசு குழையும். ஒரு வருஷம் மூட்டையில கிடந்தாத்தான் சோறு உதிரி உதிரியா வரும்."

"அண்ணே, லேப்டாப் அரிசி இல்லண்ணே. கத்திரிக்கா. காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் இருந்து வாங்குறதுதானே புத்திசாலித்தனம்?"

"இருங்க. சொத்தை மட்டும் மிஞ்சும். அதை வச்சுக் கூட்டு வையுங்க."

இப்படியே சித்திரை, வைகாசி எல்லாம் ஓடி, ஆனி கடைசி வெள்ளிக்கிழமையில் வந்து நின்றோம். அடுத்த வாரம் ஆடி. எனக்கு ஆடி என்றால் தள்ளுபடி. என் மனைவிக்கு ஆடி என்றால் நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம்.

"பொண்ணு மொத மொத வேலைக்குப் போறா. அதுக்கு வாங்குற சாமானை ஆடியிலயா வாங்குவீங்க?" என்றாள்.

"வேலைக்கு எங்க போறா? வீட்டுலதானே இருக்கப் போறா."

"ஆடி வேணாம்னா ஆவணின்னு சொல்லுவீங்க. ஆவணியில புது மாடல் வருதும்பீங்க. அப்புறம் தீபாவளி ஆஃபர். அவளுக்குப் பேரன் பொறந்து அவன் வாங்கித் தருவான்."

மகள் பூனையைத் தூக்கி மூட்டைமேல் விட்டாள். அது திரும்பவும் லேப்டாப்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. "அப்பா, இந்த மெஷினால பிரயோஜனம் அடையறது இது ஒண்ணுதான்" என்றாள்.

அப்போதுதான் பாயின் போன் அடித்தது. அடித்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவர் காதில் வைத்து, "ஆமா... அப்படியா... அடடா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தஞ்சாவூர்ல நமக்குத் தெரிஞ்ச கடைண்ணே. லேப்டாப்புல போடுற மெமரிக்குத் தட்டுப்பாடாம். இருக்கறது தீர்ந்தா விலை எகிறிடும்ங்கறாரு. லோடு வரலையாம்."

லோடு வரலையாம். இந்த இரண்டு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் இதைவிட வலுவான சொல் கிடையாது. ஒருவர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, அரிசியை வாயில் போட்டு மென்று பார்த்து, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று படியிறங்குவார். நான் போனைக் காதில் வைத்து, மறுமுனையில் யாரும் இல்லாமலே, "என்னது, லோடு வரலையா?" என்பேன். இறங்கிய கால் திரும்ப ஏறும். மூட்டை வண்டியில் ஏறும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கேட்டுச் சிரிக்கிறவர் பாய். அன்றைக்கு அவர் சொன்னது என் வசனம். இழுத்த இழுப்புகூட என்னுடையது. இருந்தும் நான் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன்.

"எத்தனை இருக்காம்?"

"ரெண்டோ மூணோங்கறாரு."

"என்னங்க, கிளம்புங்க" என்றாள் மனைவி. "கடையை நான் பாத்துக்கறேன்." சாப்பாட்டுப் பையிலிருந்து என்னுடைய இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து நீட்டினாள். சாப்பாட்டுப் பையில் சட்டைக்கு என்ன வேலை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டேன்.

நானும் மகளும் கும்பகோணத்தில் பஸ் மாறினோம். வழியெல்லாம் குறுவை நடவு. எனக்கு வயலைப் பார்க்க நேரமில்லை. அந்த இரண்டு மூன்றில் ஒன்றை இந்நேரம் யாராவது தூக்கியிருப்பார்களோ என்ற கவலை. அது தீர்ந்தால், எதிர் சீட்டில் பெரிய பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து, அது லேப்டாப்பாக இருக்குமோ என்ற கவலை. அவர் அய்யம்பேட்டையில் இறங்கும்போதுதான் பெட்டியில் மிக்ஸி படம் போட்டிருந்ததைப் பார்த்தேன்.

தஞ்சாவூர்க் கடைக்குள் நுழைந்தால், வாசலிலிருந்து கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. நடக்க வழியில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"லோடு வரலையாமேம்மா?"

"லோடா? நேத்துதான் சார் இறக்குனோம். வைக்க இடமில்லாம மாடியில வேற அடுக்கியிருக்கு."

நான் மகளைப் பார்த்தேன். அவள் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை, ஜென்மத்தில் ஃபேனையே பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாயா, உங்கம்மாவா?"

"ரெண்டு பேரும்தான். சட்டை அம்மா. வசனம் பாய்."

"நீ?"

"நான் மூட்டை மேல சும்மாத்தானேப்பா உக்காந்திருந்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நிம்மதிதான் வந்தது. தட்டுப்பாடு இல்லை என்றால் அவசரம் இல்லை. அவசரம் இல்லை என்றால் காத்திருக்கலாம். அந்தப் பெண் வேறு, கேட்காமலே, "அவசரமில்லன்னா அடுத்த வாரம் வாங்க சார். ஆடி ஆஃபர் வருது. எவ்வளவுன்னு இன்னும் சொல்லலை" என்றாள். அவ்வளவு நல்ல பெண்ணை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

மகள் ஃபேனைப் பார்ப்பதை நிறுத்தினாள். முகத்திலிருந்த குறும்பு போய்விட்டது.

"அப்பா, ஆஃபர் அடுத்த வாரம். வேலை திங்கக்கிழமை."

"அவர்கிட்ட ஒரு வாரம் டைம் கேட்டுப் பாரேன்."

"ரெண்டு தடவை கேட்டாச்சுப்பா."

எனக்கு அது தெரியாது. இரண்டு தடவையும் என்னிடம் சொல்லாமல் கேட்டிருக்கிறாள். சொல்லியிருந்தால் மூன்றாவது தடவை கேள் என்றிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. இது நிஜமாகவே அடித்தது. நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். இன்ஜினியர். அவள் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீங்களே சொல்லிடுங்கப்பா. என்னால முடியாது."

"வணக்கம் சார், நான் அவளோட அப்பா" என்றேன்.

"நல்லதுங்க. மெஷின் வாங்கிட்டீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். இல்லன்னா சங்கடமே இல்லை, இப்பவே அந்தப் பையனுக்குச் சொல்லிடுவேன்."

அவர் அதட்டியிருந்தால் இழுத்தடித்திருப்பேன். சங்கடமே இல்லை என்கிற ஆளிடம் என்ன செய்வது? மகள் பக்கத்தில் நின்று, பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துக் கடுகளவு ஆக்கியிருந்தாள்.

"ஆச்சு சார். வாங்கியாச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. எங்கள் மண்டியில் 'ஆச்சு' என்றால் ஆச்சு. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. போனில் ஆச்சு என்று சொன்ன பிறகு, சாயங்காலமே மூட்டைக்கு நூறு ரூபாய் இறங்கினாலும் சொன்ன விலைக்குத்தான் எடுக்க வேண்டும். அந்தச் சொல்லை நான் இதுவரை மீறியதில்லை. லேப்டாப்புக்காக மீறவும் மனம் வரவில்லை.

ஆனால் விலை பேசுவதற்கு முன்பே, விற்கிறவள் காது கேட்க, வாங்கியாச்சு என்று சொன்ன வியாபாரி தஞ்சாவூர் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போனை வைத்துவிட்டு, "ஒரு மவுசும் பையுமாவது சேர்த்துக் குடும்மா" என்றேன்.

"வாங்கியாச்சுன்னு சொல்லிட்டீங்களே சார்" என்று சிரித்துக்கொண்டே பில்லைப் போட்டாள். அறுபத்திரண்டாயிரம். ரொம்பக் கெஞ்சியதில், திரை துடைக்க ஒரு துணி கொடுத்தாள். திரும்பும்போது பெட்டியை மகள் மடியில் வைத்துக்கொண்டாள். துணியை நான் வைத்துக்கொண்டேன்.

கடையில் பாய் காத்திருந்தார். "என்னண்ணே, கிடைச்சுதா? லோடு வந்துருச்சா?"

"உங்க கடைக்கு இனிமே என் பூனைகூட வராது பாய்."

அதுவும் பொய்யாகிவிட்டது. புது லேப்டாப் சுடவே சுடாது என்பதால் பூனை அதைச் சீந்தவில்லை. பாய் கடையில் சார்ஜர்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிமேல், விளக்குச் சூட்டில் போய்ப் படுக்க ஆரம்பித்தது.

திங்கட்கிழமை மகள் வேலையை ஆரம்பித்தாள். சாஃப்ட்வேர் திறக்கும்போது அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். குளிக்கப் போக நேரம் இருக்காது போல. அரைப்படி கடைக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஆடி பிறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அதே மெஷின், அதே நிறம், மூவாயிரத்து இருநூறு ரூபாய் குறைவு. மவுசும் பையும் இலவசம். அன்றையிலிருந்து நான் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம், "மூவாயிரத்து இருநூறு போச்சே" என்பேன். மனைவி, "போனா போவுது, ரசம் ஊத்தவா?" என்பாள். ஆவணியில் சொன்னேன். தீபாவளியில் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே சொன்னேன். கடைக்கு வருகிறவர்களிடமும் சொன்னதாகப் பாய் சொல்கிறார்; எனக்கு ஞாபகமில்லை.

வாங்கிய பணம் முழுவதையும் திருப்பித் தருவேன் என்று மகள் முதல் மாதமே சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வதற்குள் பணத்தை நீட்டிவிட்டாள். அதன்பின் மாதம் தவறாமல் சம்பளம் வந்ததும் கல்லாவில் வைப்பாள். போன மாதம் ஒரு தொகையை வைத்துவிட்டு, "அவ்வளவுதாம்பா, கணக்கு முடிஞ்சுது" என்றாள்.

நான் எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். "குறையுதே."

"எவ்வளவு?"

"மூவாயிரத்து இருநூறு."

"அதுதான் போச்சுன்னு நீங்களே தினம் சொன்னீங்களேப்பா. போனதை நான் எப்படித் தர்றது?"

பக்கத்துக் கடையில் பாய் இருமுவது கேட்டது. அது இருமல் இல்லை. மனைவி கேரியரைத் திறந்து வைத்துவிட்டு எதுவும் தெரியாதவள் போல நின்றாள்.

நான் விடுவதாக இல்லை. எப்போது தருவாய் என்று கேட்டேன். அடுத்த சிப் வரட்டும் என்கிறாள். பாக்கி, மூவாயிரத்து இருநூறு ரூபாய்.