மணலுக்கு வாய்த்த தக்காளி

போன வாரம் அடையாறில் ஒரு நர்சரிக்குத் தக்காளி நாற்று வாங்கப் போனேன். "வூடு எங்கக்கா?" என்றான் கடைக்காரத் தம்பி. திருவான்மியூர், கடற்கரையோரம் என்றேன். "அய்ய, அந்த மணல்ல இன்னா வரும்? நாலு மூட்டை செம்மண்ணு எட்த்துக்கினு போ." வந்ததே கோபம் எனக்கு! "நாட்டு நாத்து மட்டும் குடுப்பா, மண்ணெல்லாம் எங்கிட்ட இருக்கு" என்று வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் விரலில் தக்காளி இலை வாசம்.

அந்த வாசம் செலின் சித்தியுடையது. அம்மாவின் தங்கை. டீச்சர். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாந்தோமில் எங்களோடு இருந்தாள். அங்கே கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அப்படி ஓர் உப்பு. பின்பக்கம் முழுக்க மணல். அதற்குச் சிமெண்ட் போட்டு ஸ்கூட்டர் நிறுத்த அப்பா முடிவு செய்துவிட்டார். சித்திக்கென்று அந்த வீட்டில் இருந்ததே அந்த மணல்தான்.

"ஈஸ்டர் வரைக்கும் விடுங்க அத்தான். தக்காளி காய்க்கலேன்னா நானே சிமெண்டு கலக்குறேன்" என்றாள்.

அப்பா சிரித்தார். "லாரியில செம்மண் கொட்டாம இங்க புல்லுகூட வராது."

"மண்ண மாத்த மாட்டேன். செடிய மாத்துறேன்."

ஒரு வரிசை பெங்களூர் தக்காளி போட்டாள். பக்கத்தில், துவைக்கிற கல்லோரம் தானாக முளைத்துக் கிடந்த நாட்டுத் தக்காளியின் விதை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான் பெங்களூர் கட்சி. அழகாக இருப்பதெல்லாம் ஜெயிக்கும் என்று நம்பிய வயது. கல்யாணம் வரைக்கும் அந்தப் புத்தி போகவில்லை, அது வேறு கதை.

பெங்களூர்ச் செடிகளுக்கு இலையோரம் தீய்ந்தது. காய்த்த ஒன்றிரண்டும் அடி கறுத்து அழுகின. அப்பா அதைப் பார்த்த கையோடு கொத்தனாரை வரச்சொல்லிவிட்டார். சித்தி அப்பாவை விடவில்லை. கோணல்மாணலாகப் படர்ந்திருந்த நாட்டுச் செடியை விலக்கிக் காட்டினாள். உள்ளே கொத்துக் கொத்தாகக் குட்டித் தக்காளி.

"இத முதல்ல யாரு விதைச்சா? தானா வந்துச்சு. அதுக்கு இந்த மண்ணு புடிச்சிருக்கு அத்தான். உங்களுக்குத்தான் புடிக்கல."

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், வீட்டில் கறி கிடையாது, மீன் மட்டும் உண்டு. அன்று அந்தத் தக்காளியைப் போட்டு சங்கரா மீன் குழம்பு. அப்பா சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தோற்றேன் என்று சொல்ல வாய் வருமா அந்த மனுஷனுக்கு? "ஸ்கூட்டர் வாசல்லயே நிக்கட்டும்" என்றார். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

சித்தி போய்விட்டாள். அவள் போன பிறகு வீட்டையும் இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். பின்பக்கம் இப்போது கார் நிற்கிறது. அந்த வழியாகப் போனால் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பேன். வாட்ச்மேன் முறைப்பார், முறைக்கட்டும். அங்கே ஒன்றும் விளையாததால்தான் சிமெண்ட் போட்டார்கள் என்று யாராவது சொல்லட்டும், சண்டைக்கே போவேன். விளைந்த மண் அது. விளைந்துகொண்டிருக்கும்போதே மூடினார்கள்.