வாசலில் விட்ட கால்

என்னோடு முழங்காலிட்டவர்களே, இன்று சாட்சி சொல்ல என் முறை. சொல்லிவிடுகிறேன்.

எல்லையில், பனியில் ரோந்து போகையில் கண்ணிவெடி. என் வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. பக்கத்தில் வந்த சேகருக்கு வயிற்றில் காயம். அந்த நிலையிலும் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினான். ஹெலிகாப்டர் வருவதற்குள் அவன் போய்விட்டான். கோட்டில் மட்டும் அவன் சூடு இருந்தது.

முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்குத் திரும்பினேன். செயற்கைக் காலில் நடக்கப் பழகினேன். அழுகை மட்டும் வரவில்லை. மூன்று வருடம், ஒரு சொட்டு இல்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தேன். சோற்றுத் தட்டை எறிந்தேன். சேகரின் அம்மா போன் செய்தால் எடுக்க மாட்டேன். என் மனைவி எஸ்தருக்குத் தினமும் ஒரே ஜெபம்: “ஆண்டவரே, இந்த மனுஷன ஒரே ஒரு தடவ அழ வச்சுடுப்பா.”

மழைக்கால ஞாயிறு ஒன்றில் என்னை இந்தச் சபைக்கு இழுத்து வந்தாள். வாசலில் செருப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார் பிரகாசம் அண்ணன், பாடித் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். என்னை அவருக்குத் தெரியாது.

“நைனா, ஷூவ கழட்டிட்டு போ. உள்ள பாய் போட்டுகீது.”

ஷூ இல்லாமல் அந்தக் கால் சரியாக நிற்காது. சொல்லியிருக்கலாம். படியில் உட்கார்ந்து, பேண்டைச் சுருட்டி, காலையே கழற்றிச் செருப்பு வரிசையில் நிறுத்தினேன்.

“போதுமா அண்ணாத்தே?”

எஸ்தரின் தோளைப் பிடித்து, ஒற்றைக் காலில் தத்தி உள்ளே போனேன். ஒருவரைக் குத்திவிட்ட திருப்தியோடு உட்கார்ந்திருந்தேன். பாதி ஆராதனையில் மழை கொட்டியது.

முடிந்து வெளியே வந்தால், செருப்புகள் தண்ணீரில் மிதந்தன. பிரகாசம் அண்ணன் பனியனோடு படியில் நனைந்துகொண்டிருந்தார். மடியில் என் கால். அதைச் சுற்றி அவர் சட்டை.

“உள்ள வந்திருக்கலாமே அண்ணே.”

“இத்த தூக்கிகினு உள்ள வந்தா அல்லாரும் உன்னையே பாப்பாங்கோ நைனா. அதான் இங்கியே குந்திகினேன்.”

சட்டையைத் தொட்டேன். மடியோடு அணைத்திருந்த இடத்தில் சூடு இருந்தது.

அங்கேயே உடைந்தேன். பஸ் ஸ்டாப் வரை அழுதேன். எஸ்தரும் அழுதுகொண்டே சொன்னாள்: “போதும்யா. ஒரு தடவதான் கேட்டேன்.”

அன்று மாலை சேகரின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். அந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

சேகர் திரும்பி வரப்போவதில்லை. இல்லாத பாதம் இன்றும் வலிக்கிறது. ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். கண்ணீர் வராமல் கல்லாகிப் போனவர்கள் இங்கே யாராவது இருந்தால், ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் வந்து மட்டும் உட்காருங்கள். உங்களுக்காக நனைய ஒருவரை அவர் வாசலிலேயே வைத்திருப்பார்.