விருந்தாளிக்கு ஞானஸ்நானம்

ஷமிரானின் பிள்ளையை ஒன்றரை வயதுவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஞானஸ்நானம் ஆகுமுன் பிள்ளையின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதுவரை எல்லாப் பிள்ளையும் ‘விருந்தாளி’தான். நாற்பது நாள் விருந்தாளிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எழுந்து நடந்து, என் கோழியைத் துரத்தி, ‘மாட்டேன்’ என்று சொல்லப் பழகிய விருந்தாளி இவன் ஒருவன்தான். எல்லாம் எங்கள் கோயிலைக் கட்டிக்கொடுத்த புண்ணியவான்களின் கைங்கரியம்.

நான் வார்தா, பக்கத்து வீட்டுக்காரி. அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய்.

ஷமிரான் ஒன்றும் பிடிவாதக்காரி இல்லை. ரொட்டி சுடுவாள், சுவரோரம் வெங்காயம் போடுவாள், கம்பி வேலை செய்யும் புருஷன் யல்தாவோடு வாரத்துக்கு ஒரு சண்டை போடுவாள். அவளுடைய முதல் பிள்ளை பிறந்து இரண்டாம் வாரம் கறுப்புக் கொடிக்காரர்கள் வந்தார்கள். ஆகஸ்ட் மாதம். எங்கள் நினிவே சமவெளியே உயிருக்குப் பயந்து வண்டியேறி, எர்பில் நகரத்துக்குப் போகும் சாலையில் வெயிலில் நின்றது. நகரவே இல்லை. பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.

சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுத்தால் கொடுத்ததுதான், பாதிரியாரே வந்தாலும் மறுபடி கொடுக்க முடியாது. ஷமிரான் பாட்டிலில் கிடந்த வெந்நீர்போன்ற மிச்சத் தண்ணீரை ஊற்றி, மீகா என்று பெயர் வைத்தாள். எர்பில் போய்ச் சேருமுன் மீகா போய்விட்டான்.

அகதிகளாகக் கிடந்த வருஷங்களில் அவள் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள்.

"இன்னொண்ணு பொறந்தா நம்ம கோயில்லதாங்க்கா. மணி அடிக்கணும், எண்ணெய் வைக்கணும், நீ குலவை போடணும். என் கையால ஊத்துற வேலை இனி எனக்கு வேணாம்."

ஊர் திரும்பினோம். கோயில் கரிக்கட்டையாக நின்றது. எங்கள் வீடுகளும்தான். மிஷன்காரர்கள் வந்தார்கள், கோயிலை எடுத்துக் கட்டினார்கள். பொய் சொல்ல மாட்டேன், நல்ல கல், ஒழுகாத கூரை. என் அடுக்களைக்கு இன்றும் தகரம்தான், அது வேறு கதை.

அந்தச் சமயத்தில்தான் ஷமிரானுக்கு இரண்டாவது பிறந்தது. ஊரில் இருந்த ஒரே கைக்குழந்தை அதுதான். இளசுகள் எல்லாம் ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டார்கள். மிஷனின் ஆள் ரமீல், உடம்பெல்லாம் பை வைத்த சட்டைக்காரன், மூக்கில் வியர்த்தவன்போல் வந்து நின்றான்.

"அக்கா, இந்தக் கோயில்ல மொத ஞானஸ்நானம் உங்க பிள்ளைக்குத்தான். பணம் கொடுத்தவங்க வருவாங்க, படம் எடுப்போம், உலகமே பாக்கும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"உலகம் பாத்து என்ன கிழிக்கப் போவுது?" என்றான் யல்தா. "பக்கத்துல அல்கோஷ் கோயிலுக்கு ஒரு நடை போனா இன்னைக்கே முடிஞ்சிரும்."

"எனக்குன்னு கோயில் இருக்கறப்ப அசலூர் வாசல்ல எதுக்குப் போயி நிக்கணும்?" என்றாள் ஷமிரான். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ரமீல்மேல் எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் அவளைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு என்றார்கள். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பளிங்கு வரவில்லை. இலையுதிர்காலம் என்றார்கள். வருகிறவர்களுக்கு விசா வரவில்லை. நான் வாங்கிய வெள்ளை அங்கியை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். மூன்றாம் முறை துணியே போதவில்லை. குளிர்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. ஷமிரான் தலைமாட்டில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊத்திருடி, பைத்தியக்காரி" என்றேன்.

"இவன் சாக மாட்டான்க்கா. இவன் கோயிலுக்குப் போறவன்."

காய்ச்சல் இறங்கியது. அந்தத் தண்ணீரை வெங்காயப் பாத்திக்கு ஊற்றினாள்.

ஒருவழியாகத் திறப்பு விழா வந்தது. ஆயர் வந்தார். கோயில் நிறைய வேண்டுமே என்று இரண்டு பஸ்ஸில் அசலூர் ஜனங்களையும் ஏற்றி வந்தார்கள். பளிங்குத் தொட்டியைக் கொடுத்த ஹிக்மத்தும் வந்தார். முப்பது வருஷத்துக்கு முன் எங்கள் ஊரைவிட்டுப் போனவர், இப்போது டெட்ராய்ட்டில் சூப்பர் மார்க்கெட் முதலாளி. கூடவே மருமகள். மருமகள் மடியில் ஒரு கைக்குழந்தை.

ரமீல் ஓடி வந்தான். "அக்கா, அஞ்சே நிமிஷம். அவங்க பேரனுக்கு மொதல்ல முடிச்சிரலாம்."

மணி அடித்தது. எண்ணெய் வைத்தார்கள். பஸ்ஸில் வந்த பெண்கள் குலவையிட்டார்கள். நான் போடவில்லை. பிறகு பேச்சு. ஒருவர் விட்டு ஒருவர் எழுந்து எங்கள் துன்பத்தை எங்களுக்கே சொன்னார்கள். ஷமிரான் தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டபடி தொட்டியருகே நின்றுகொண்டே இருந்தாள். ஆயரின் வண்டிகள் இருட்டுமுன் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டுமாம். எல்லோரும் எழுந்தார்கள்.

"தம்பி, என் பிள்ளை?" என்றாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா. ஞானஸ்நானப் படம் கெடச்சிருச்சு."

ஷமிரான் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். முற்றத்துக் குழாயடியில் பிள்ளையை என் கையில் கொடுத்து, குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தினாள்.

"யோனான், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

மூன்று தரம் ஊற்றினாள். பிள்ளை விழித்துக்கொண்டு ‘மாட்டேன்’ என்றான்.

மறுநாள் காலை பாதிரியாரும் ரமீலும் கேமராவோடு வந்தார்கள். படத்தில் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லையே என்று ஹிக்மத் கேட்டாராம்.

"முடிஞ்சுபோச்சு. பேரு யோனான்" என்றாள் ஷமிரான்.

பாதிரியாருக்கு முகம் வெளுத்தது. "தண்ணி தலையில பட்டுச்சா? வார்த்தையச் சரியாச் சொன்னியா?"

"சரியாத்தான் சொன்னேன் சாமி. எனக்குப் பழக்கம் இருக்கே."

"படத்துக்காகச் சும்மா ஒரு தடவை ஊத்துங்களேன் சாமி" என்றான் ரமீல்.

"வாய மூடுய்யா, அது பாவம்" என்று அதட்டிவிட்டு அவர் ஷமிரான் பக்கம் திரும்பினார். "உயிர் போற அவசரத்துக்குத்தானேம்மா அப்படிச் செய்யலாம்? இப்ப என்ன அவசரம் வந்துச்சு?"

"ஒண்ணரை வருஷம் பொறுத்தேனே சாமி, அது போதாதா? அன்னைக்கு என்னைத் தொரத்துனவன் கையில துப்பாக்கி இருந்துச்சு, ரோட்டுல ஊத்துனேன். நேத்து யாரு கையிலயும் துப்பாக்கி இல்லையே. நான் ஏன் குழாயடியில ஊத்தும்படி ஆச்சு?"

பாதிரியார் தலை குனிந்தார். "எண்ணெயாவது வைக்கணும்மா. கோயிலுக்குத் தூக்கிட்டு வா."

"எண்ணெய இங்க எடுத்துட்டு வாங்க. நாங்க காத்துக் கெடந்தது போதும். கோயில் ஒரு நூறடி நடந்து வரட்டும்."

கேமரா இல்லாமல், சின்னக் குப்பியோடு அவர் திரும்பி வந்தார். குழாயடியில் நின்று யோனானின் நெற்றியில் எண்ணெயைத் தொட்டு வைத்தார். அப்போதுதான் ஷமிரான் அழுதாள். "என் மீகாவுக்கு இதுகூட இல்லையேக்கா" என்று என் தோளில் விழுந்து அழுதாள். எனக்குக் குலவை வரவில்லை.

பளிங்குத் தொட்டி கோயிலில் இருக்கிறது. வெளிநாட்டார் வந்தால் பாதிரியார் மூடியைத் திறந்து காட்டுகிறார். அதில் இறங்கியது டெட்ராய்ட் பிள்ளை ஒன்றுதான். அதன் பிறகு எங்கள் ஊரில் பிள்ளை பிறக்கவில்லை.