பை இல்லாத சட்டை

ஆஸ்பத்திரியில் எனக்கு மாட்டியிருந்த பச்சைச் சட்டையில் பை கிடையாது. அதனால்தான் என் கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மாரிகுப்பத்தில் பிறந்து, காற்றடிக்கும் மாதங்களில் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசியைச் சோறோடு சேர்த்துத் தின்று வளர்ந்தவன் நான். மூச்சிளைப்பு கூடவே பிறந்தது. சட்டையின் இடது பையில் எப்போதும் வாயில் வைத்து மருந்தை இழுக்கும் பம்பு இருக்கும். பெங்களூர் ரயிலைத் தவறவிட்டாலும் விடுவேன், பம்பு இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டேன்.

அந்த முறை பம்புக்கும் இளைப்பு அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தூங்கவைத்து, தொண்டைக்குள் குழாய் விட்டு, மூச்சு இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள். மயக்க மருந்தைக் குறைத்ததும் விழித்தேன். பேச முடியவில்லை. நெஞ்சு இறுகிக் கிடந்தது. கை தானாக இடது மார்புக்குப் போனது. பையும் இல்லை, பம்பும் இல்லை. வாயைக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது மருந்தை எந்த வழியாக இழுப்பது? செத்தேன் என்றே நினைத்தேன். மார்பைத் தட்டித் தட்டிக் கேட்டேன். குழாயைப் பிடுங்கப் பார்க்கிறேன் என்று கையைக் கட்டினார்கள். இயந்திரம் காற்றை ஊத, நான் எதிர்த்து முட்ட, அபாய மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்படி மல்லுக்கு நின்றால் மறுபடி தூங்கவைக்க வேண்டியதுதான், குழாயை எடுப்பது தள்ளிப்போகும் என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் தட்டியதைப் பார்த்திருந்த என் மனைவி வேறு முடிவுக்கு வந்துவிட்டாள். மாதா கோயில் பூசையில் பாவத்தை அறிக்கையிடும்போது மார்பில் தட்டிக்கொள்வோமே, அதைத்தான் நான் செய்கிறேனாம். கட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் மன்னிச்சிட்டேங்க, நிம்மதியா இருங்க" என்று அழுதாள். பங்குச் சாமியாரை அழைத்துவந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயையும் பூசவைத்தாள். அவர் பூசப் பூச எனக்கு இன்னும் இளைத்தது.

காலை ஷிப்டுக்கு வந்த சிஸ்டர், எங்கள் பக்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸ்காரர், கட்டிய கை மார்புப் பக்கமே இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னாண்ணா, பாக்கெட்ல தேடுறீங்களா? பம்பா?" நான் ஆட்டிய ஆட்டலில் தலையே கழன்றிருக்கும். பம்பை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் குலுக்கிக் காட்டினார். "வந்த நாள்லேர்ந்து இதான் உங்களுக்குப் போவுது. தலைக்குப் பின்னாடி நின்னு குடுக்கறோமா, அதான் உங்களுக்குத் தெரில. மிசின் ஊதசொல்ல நான் அமுக்கறேன். நீங்க சண்ட போடாதீங்க."

குழாய் வழியில் மாட்டியிருந்த சின்னக் கூட்டில் பம்பைச் செருகினார். இயந்திரம் ஊதத் தொடங்கியதும் ஒரு அமுக்கு. சற்றுப் பொறுத்து மறுபடி. முதல் முறையாக நான் முட்டாமல் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகியது, மணி ஓய்ந்தது. சிஸ்டர் கைக்கட்டை அவிழ்த்தார். அதன்பின் யார் மருந்து கொடுத்தாலும் பம்பை எனக்குக் காட்டிவிட்டுத்தான் அமுக்கினார்கள். மறுபடி என்னைத் தூங்கவைக்காமலே குழாயை எடுத்தார்கள். அன்று நானாக இழுத்த முதல் மூச்சுக்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பம்புக்காவா தட்னீங்க? நான் ஒண்ணு உடாம மன்னிச்சிட்டேனே!"

"எதையெல்லாம் மன்னிச்ச?" என்று மெல்லக் கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு இப்ப? எனக்குத் தெரியாதுன்னு நீங்க நெனச்சினு இருக்கறதையும் சேத்துதான். மன்னிச்சது மன்னிச்சதுதான். வாங்க, சோறு ஆறுது."