ஜன்னலில் நீளாத கை

காலை ஆறு ஐம்பதுக்குப் பொன்னேரி ஸ்டேஷனில் வந்து நின்ற மதராஸ் ரயிலில், என் மகனின் கை எந்த ஜன்னலிலிருந்தும் நீளவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை. பகலில் பட்டணத்துக் கல்லூரியில் படிப்பதற்காக நைட் ஷிப்டையே கேட்டு வாங்கியிருந்தான். காலையில் வீட்டுக்கு வந்து போக நேரம் இருக்காது. புத்தகங்களை ஆலைக்குக் கொண்டுபோனால் கரியில் பாழாகும். அதனால் புத்தகம், சோறு, வெளுத்த சட்டை, மை ஊற்றிய பேனா எல்லாம் போட்ட பையோடு நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். வண்டி நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவேன்.

அன்று கடைசிப் பரீட்சை, பத்து மணிக்கு. ஹால் டிக்கெட் பையில் இருந்தது. "இந்த வருஷத்தோட சரிம்மா. இது தவறினா, இன்னொரு வருஷம் ஒடம்பு தாங்காது, படிப்பை வுட்டுடுவேன்" என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தான்.

ரயில் கதவில் தொங்கிய ஆலைக்காரன் ஒருவன் கத்தினான்: "உங்க புள்ள இன்னும் ஃபர்னஸாண்டதான் கீறாம்மா! மாத்து ஆளு வர்ல. சோத்துப் பையை இப்படிக் குடுங்க, நானாவது துன்றேன்!"

வண்டி போய்விட்டது. அடுத்த ஆள் வந்து நிற்காமல் உலையை விட்டு அகலக் கூடாது என்பது அங்கே சட்டம்.

அந்த மாற்று ஆளை எனக்குத் தெரியும். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. ஏரியில் வலை போட அங்கே குடும்பங்களுக்கு முறை உண்டு, பாடு என்பார்கள். தவறவிட்டால் மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இரவு அவன் வீட்டுப் பாடு. "வலையத் தூக்கிட்டு, விடியறதுக்குள்ள ஷிப்டுக்கு வந்துடறேம்மா" என்றான். நம்பினோம். ஆலைச் சங்கு ஏரிக்காற்றின் காதில் விழாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

சைக்கிளை ஸ்டேஷன் வேலியோரம் போட்டுவிட்டு அந்த மீனவப் பிள்ளையே ஓடிவந்தான். லுங்கியில் தண்ணீர் சொட்டியது.

"இன்னா நைனா, இப்படிப் பண்ணிட்ட?"

"காத்து திரும்பிக்கிச்சும்மா. எவ்ளோ தள்ளியும் படகு நவுரல." எதிர்ப்பக்கம் கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் கைகாட்டி இறங்கியிருந்தது. "நான் போய் ஒலையாண்ட நின்னுக்கினு அவன அனுப்பிடறேன். ஆலை கம்பி லாரில ஏத்தினா, பொன்னேரி பக்கம் வராம புதுவாயல் ரோட்டோட நேரா பட்டணம் போயிடுவான். நீங்க பையோட அடுத்த வண்டியப் புடிச்சி காலேஜாண்ட போய்க்கினே இருங்க."

"லாரி கிடைக்காம அவன் ரயில்ல வந்தா? நான் இங்க இல்லன்னா?"

"கெடைக்கும்மா!" தண்டவாளத்தைத் தாண்டி ஓடியே விட்டான்.

நிற்பதா, போவதா? வண்டி வந்தபோது கால் தானாக ஏறிவிட்டது. மீஞ்சூர் தாண்டும்வரை, இறங்கித் திரும்பிவிடலாமா என்றே இருந்தது.

கல்லூரி வாசலில் மணி அடித்தது. பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போனார்கள். "அரை மணி வரைக்கும் வுடுவாங்க. அப்பால கேட்டைச் சாத்திடுவேன், என்னை நோவாதீங்க" என்றார் காவலாளி. பொன்னேரி பிளாட்பாரத்தில் அவன் என்னைத் தேடி அலைவது போலவே கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

காவலாளி எழுந்து கேட்டில் கை வைத்தார். அப்போதுதான் கம்பிகள் கடகடக்க ஒரு லாரி வந்து நின்றது. காக்கிச் சட்டையும் கரி முகமுமாகக் குதித்தவன் ஹால் டிக்கெட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு கேட்டுக்குள் பாய்ந்தான். உடனே திரும்பி, கம்பிகளுக்கு இடையே கையை நீட்டினான்.

"பேனாம்மா! மை ஊத்தினியா?"