கறை போன கிண்ணம்

என் கையால் கெட்டுப்போனது ஒரு ஜப்பான் கிண்ணம். கெட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள். கழுவினேன் என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

சூரியநெல்லிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் எனக்கு வேலை. இப்போது அது விருந்தினர் விடுதி. அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்; வீட்டில் வேறு ஒருவருக்காவது எஸ்டேட் வேலை இருந்தால் மட்டும் இருக்க விடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். என் வேலை போனால் அம்மா தெருவில்.

முதலாளியின் மனைவியை மேடம் என்போம். கொச்சிக்காரர். ஜப்பானுக்குப் போனபோது அந்தக் கிண்ணத்தை வாங்கி வந்தார். முந்நூறு வருஷப் பழசாம். அங்கே டீ குடிப்பதையே பூஜை மாதிரி செய்வார்களாம். மண்டியிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, திருப்பிப் பார்த்து ரசித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்களாம். எங்கள் ஆட்கள் கொழுந்து மூட்டையை இறக்கிவிட்டு நின்ற வாக்கில் குடிக்கிறார்கள், அதுவும் சலித்து மிஞ்சிய தூசி டீ. கிண்ணத்துக்குப் பிடி கிடையாது, வட்டமும் சரியில்லை. சாம்பல் நிற மெருகுப்பூச்சில் முடி முடியாக வெடிப்பு. வெடிப்பெல்லாம் டீக்கறை. சும்மா கொடுத்தாலும் அம்மா வாங்கமாட்டாள்.

பங்களாவில் கறை லேசுப்பட்ட விஷயமில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு கோப்பையின் அடியில் பழுப்பு வளையம் இருந்தது. விருந்தினர் முன்னாலேயே மேடம் அதை என் மூக்குக்கு நேராக நீட்டினார். அன்றிலிருந்து கோப்பைகளை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் எடுப்பேன். அந்த வெள்ளைக்காக என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள். அப்புறம், விருந்தினர் வருகிறார்கள், கிண்ணத்தைச் சுத்தமாக வை என்று மேடமே போனில் சொன்னால் நான் வேறென்ன செய்வேன்? காலையில் ஊறப்போட்டேன். மதியம் எடுத்தபோது வெடிப்புக்குள் ஒரு பழுப்பு இழை இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

மேடம் வந்து கிண்ணத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

"ஆ கறையாணு இதின்டெ வில," என்றார் மலையாளத்தில்.

அந்தக் கறைதான் அதன் மதிப்பாம். முந்நூறு வருஷமாக யார் யாரோ குடித்த டீ வெடிப்பில் இறங்கி இறங்கி வந்த நிறமாம். கோப்பையில் இருந்தால் அழுக்கு, கிண்ணத்தில் இருந்தால் பொக்கிஷம். இதை முன்கூட்டிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மேடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஆனால் வேலை போகவில்லை. ஏன் என்பது அடுத்த வாரம் விருந்தினர் வந்தபோதுதான் தெரிந்தது. மேடம் நடந்ததைக் கதையாகச் சொன்னார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கழுவிய ஆளைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டு, சமையலறையிலிருந்து என்னை வரவழைத்தார். கிண்ணத்தைப் பிடித்தபடி நிற்கச் சொல்லி ஒருவர் படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். அதற்குப் பிறகு வருகிற கூட்டத்துக்கெல்லாம் இதே கூத்துதான்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாள், இன்றைக்கும் கூப்பிட்டார்களா என்று. ஆமாம் என்றால் அவள் முகம் தெளியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழையில் ரோடு அடைபட்டு மூன்று வாரம் விருந்தினர் வரத்தே இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அம்மாவுக்கு மறுபடி சோறு இறங்கவில்லை.

"அவுக உன்ன மறந்துருவாகடி. அடுத்த தடவ நீயாப் போயி நில்லு," என்றாள்.

அவள் மேல் எரிந்து விழுந்தேன். சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. மேடம் வாயைத் திறக்கும் முன்பே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.